எக்சைட்டான் செறிநிலை ‘உறுதியானது’ என்று எழுதும் முன்: தமிழ் நாளிதழ்களின் அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தமிழ் நாளிதழ்களில் அறிவியல் பக்கங்களையும் மாணவர் பக்கங்களையும் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

குறைக்கடத்திப் படிகங்களில் எக்சைட்டான் செறிநிலை, அதாவது எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற ‘துளை’ என்னும் வெற்றிடமும் இணைந்த துகள்கள் எண்ணற்றவையாய் ஒரே நிலையில் குவிவது, கண்டறியப்பட்டது என்னும் செய்தி நம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் அவ்வப்போது வெளிவருகிறது. அண்மையில் ஒரு மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரை, பல பத்தாண்டுத் தேடல் முடிந்துவிட்டது என்றும் பொருளின் புதியதொரு நிலை உறுதியாகிவிட்டது என்றும் கூறியது. எந்த அளவீட்டைக் கொண்டு உறுதியானது, அந்த அளவீட்டுக்கு வேறு விளக்கம் உண்டா, அதை யார் முன்வைக்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இந்தத் துறையின் வரலாற்றில் பலமுறை அந்த விடுபட்ட வரிதான் வழக்கின் தீர்ப்பாக அமைந்திருக்கிறது. அதனால் இதைத் தனிமடலாக அனுப்பாமல் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாசில், சில்லுத் தொழிற்சாலையொன்றின் பழுதாய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். பழுதான சில்லுக்கு மின்னழுத்தம் கொடுத்து, இருட்டறையில் குளிரூட்டிய கேமராவைக் கொண்டு, அதன்மேல் தோன்றும் மிக மங்கலான ஒளியைப் படம்பிடிப்பது எங்கள் வேலைகளுள் ஒன்று. சிலிக்கானுக்குள் எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து மறையும்போது ஏறத்தாழ 1.1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெளிப்படும் ஒளியும் அதில் அடங்கும். ஒளி தெரியும் இடமெல்லாம் பழுது அன்று. நலமாக இயங்கும் டிரான்சிஸ்டரும் சில நிலைகளில் ஒளிரும். ஆகவே நல்ல சில்லொன்றையும் அதே நிலையில் வைத்துப் பார்க்காமல் நாங்கள் அறிக்கையில் கையொப்பமிடுவதில்லை. எக்சைட்டான் ஆய்வில் நான் ஈடுபட்டவன் அல்லன்; அத்துறையின் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். ஆயினும், வெளியே வரும் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நடப்பதைச் சொல்வதில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை என் தொழில் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

விவாதத்தின் அடிப்படை இதுதான். குறைக்கடத்தியின் மீது ஒளி விழும்போது ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல்பட்டைக்கு எழுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம் நேர்மின்னூட்டம் கொண்ட துகளைப்போல் நடந்துகொள்கிறது. அதையே துளை என்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து, ஹைட்ரஜன் அணுவைப்போலப் பிணைந்து திரியும் இணையே எக்சைட்டான். 1931-இல் ஃபிரெங்கலும் 1937-இல் வானியரும் இதன் கோட்பாட்டை வகுத்தனர். ஒரே நிலையில் இரண்டு சேர முடியாத ஃபெர்மியான்கள் இரண்டு சேர்ந்த இணை என்பதால், அது எத்தனையும் ஒரே நிலையில் சேரக்கூடிய போசானைப்போல் நடக்கலாம். அப்படியானால் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924-இல் தொடங்கி வைத்து ஐன்ஸ்டீன் விரித்துரைத்த செறிநிலை, அதாவது எண்ணற்ற துகள்கள் ஒரே குவாண்டம் நிலையில் குவிந்து ஒரே அலையாக இயங்கும் நிலை, இங்கும் உருவாக வேண்டும். 1962-இல் பிளாட், பேர், பிராண்ட் ஆகியோரும், தனியாக மொஸ்கலென்கோவும் இதை முன்மொழிந்தனர். ருபிடியம் அணுவின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல் ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல். எக்சைட்டானின் நிறையோ எலக்ட்ரானின் நிறையை ஒட்டியது. நிறை குறையக் குறையச் செறிநிலை தோன்றும் வெப்பநிலை உயரும் என்பதால், அணுக்களுக்கு நானோகெல்வின் அளவுக் குளிர் தேவைப்படும் இடத்தில் எக்சைட்டான்களுக்கு ஒரு கெல்வினை ஒட்டிய குளிரே போதும் என்று கணக்கு காட்டியது. சில படலங்களில் அதைவிடப் பன்மடங்கு உயர்ந்த வெப்பநிலையும் போதும் என்கிறார்கள். ஆர்வம் கொள்ள இது நியாயமான காரணம்தான்.

எனினும் அணுக்கள் முந்திக்கொண்டன. 1995-இல் கார்னெலும் வைமனும் ருபிடியத்திலும், அதே ஆண்டில் கெட்டர்லே சோடியத்திலும் செறிநிலையைக் காட்டினர். 2001-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சோதனையில் அணுக்களைச் சிறைப்படுத்திய பொறியை அணைத்து, முகில் விரிவதைப் படம்பிடித்தார்கள். எந்த அணு எவ்வளவு உந்தத்துடன் ஓடியது என்பது படத்திலேயே தெரிந்தது. உந்தம் ஏறக்குறைய இல்லாத அணுக்கள் நடுவில் கூரிய முகடாக எழுந்து நின்றன. அதை மறுக்க எவருக்கும் வழி இருக்கவில்லை. எக்சைட்டானை அப்படி விரியவிட்டுப் பார்க்க முடியாது. அது படிகத்துக்குள்ளேயே பிறந்து, பல பொருள்களில் நானோவிநாடிக்குள் மறைந்துவிடும் துகள். மறையும்போது வெளியேறும் ஒளிதான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. அந்த ஒளி எல்லா எக்சைட்டான்களையும் பற்றிப் பேசுவதும் இல்லை.

தாமிர ஆக்சைடு படிகத்தின் கதையை நம் மாணவர்களுக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். குப்ரஸ் ஆக்சைடு (Cu₂O) எனப்படும் அந்தச் செந்நிறப் படிகத்தில் 1952-இல் கிராஸும் கர்ரியேவும் ஹைட்ரஜனை ஒத்த எக்சைட்டான் நிறமாலையைக் கண்டனர். அங்கே இணையைப் பிரிக்கத் தேவையான பிணைப்பு ஆற்றல் சுமார் 150 மில்லி எலக்ட்ரான்வோல்ட். காலியம் ஆர்சனைடில் அது நான்கு மில்லி எலக்ட்ரான்வோல்ட் அளவே. பாராஎக்சைட்டான் எனப்படும் வகை நெடுநேரம், மைக்ரோவிநாடிக் கணக்கில், வாழ்கிறது. ஆகவே இந்தப் படிகமே தலைசிறந்த களம் என்று எல்லாரும் கருதினர். 1980-இல் ஹுலினும் மிசிரோவிச்சும் அவர்தம் குழுவினரும், படிகத்தின் ஒளிர்வு நிறமாலை வடிவம் போசான்களுக்குரிய போஸ் புள்ளியியலுக்குப் பொருந்துவதாக அறிவித்தனர். அமெரிக்காவின் இல்லினாயில் வுல்ஃபின் ஆய்வகம் அதைத் தொடர்ந்தது. 1993-இல் லின்னும் வுல்ஃபும் அழுத்தம் கொடுத்த படிகத்தில் பாராஎக்சைட்டான் செறிநிலை தோன்றியதாக எழுதினர். அதே ஆண்டு ஃபோர்ட்டினும் அவர் கூட்டாளிகளும், எக்சைட்டான்கள் படிகத்தைக் கடந்து சிதறாமல் பாய்வதைக் கொண்டு அது மீப்பாய்வுக்கு, அதாவது தடையே இல்லாத பாய்வுக்கு, சான்றாகலாம் என்றனர். அந்தக் கட்டுரைத் தலைப்பின் இறுதியில் ஒரு கேள்விக்குறி இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு நடந்தவை செய்தித்தாள்களுக்கு அவ்வளவாக எட்டவில்லை. நிறமாலையின் வடிவத்திலிருந்து அடர்த்தியைக் கணிப்பதற்கு மாற்றாக, வெளிவந்த ஃபோட்டான்களை நேரடியாக எண்ணிப் பார்த்தபோது, எக்சைட்டான்களின் எண்ணிக்கை செறிநிலைக்குத் தேவையானதைவிட மிகக் குறைவாகவே இருந்தது. 2 கெல்வினில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10-இன் 17-ஆம் அடுக்கு அளவில் எக்சைட்டான்கள் வேண்டும். ஆனால் இரண்டு எக்சைட்டான்கள் அருகருகே வந்தால் ஒன்று அழிந்து தன் ஆற்றலை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் லேசரின் வலிமையைக் கூட்டக் கூட்ட அடர்த்தி உயராமல் வெப்பமே உயர்கிறது. ஓஜே மறுசேர்க்கை எனப்படும் இந்த இழப்பின் கடுமையை 1999-இல் வெளியிட்டது, 1993-இல் செறிநிலையை அறிவித்த அதே வுல்ஃபின் ஆய்வகம். நிறமாலை போஸ் வடிவத்தை எடுத்ததற்கு, படிகத்தின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு அடர்த்தியில் இருந்த வாயு ஒரே படத்தில் கலந்து தெரிந்ததும் காரணமாகலாம் எனத் தெரியவந்தது. சிதறாத பாய்வுக்கும் வேறு விளக்கம் வந்தது: லேசர் சூடாக்கிய மேற்பரப்பிலிருந்து கிளம்பும் படிக அதிர்வுகள் எக்சைட்டான்களைக் காற்றுப்போல உள்ளே தள்ளிச் செல்ல முடியும் என்று திக்கோதியேவ் போன்றோர் காட்டினர். தம் முடிவைத் தாமே மறுசோதனை செய்து வெளியிட்ட அந்த ஆய்வகத்தின் செயலை நான் மிக உயர்ந்ததாக மதிக்கிறேன். 1993-ஐப் பற்றி ஒரு பத்தி எழுதும் இதழ் 1999-க்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பேன்.

அந்தப் படிகத்தின் கதை அத்துடன் முடியவில்லை. தோக்கியோவில் கோனோகாமியின் குழு எக்சைட்டான்களை ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து, 2011-இல் ஒளிர்வின் திடீர் மாற்றத்தைச் செறிநிலையின் அறிகுறியாக முன்வைத்தது. அழுத்தத்தால் உருவாக்கிய பொறிக்குள் அவற்றைச் சிறைப்படுத்தினால் குறைந்த எண்ணிக்கையே போதும், ஓஜே இழப்பும் மட்டுப்படும் என்பது அவர்களின் வழி. 2022-இல் அவர்கள் வெளிவரும் ஒளியை நம்பியிருப்பதையே விட்டுவிட்டனர். நடு அகச்சிவப்பு ஒளியைப் படிகத்தினூடே செலுத்தி, எக்சைட்டான்கள் அதை உறிஞ்சும் நிழலைப் படமாக்கி, முகிலின் நடுவே செறிந்த பகுதி தோன்றுவதைக் காட்டினர். அந்தப் பகுதி மொத்த எக்சைட்டான்களில் நூற்றில் இரண்டு பங்கையும் எட்டவில்லை; எளிய கோட்பாடு எதிர்பார்ப்பதைவிட அது மிகச் சிறிது, காரணம் என்ன என்பது தொடர்ந்து ஆராயப்பட வேண்டியது. என் மதிப்பீட்டில், பெரும்படிகத்தில் இதுவரை கிடைத்த சான்றுகளுள் இதுவே வலிமையானது. அளவீட்டு முறையை மாற்றியதால்தான் அந்த வலிமை வந்தது. இதைச் செய்தியாக்கும்போது அந்த மாற்றத்தைச் சொல்லாவிட்டால் வாசகருக்கு எதுவுமே சொல்லப்படவில்லை என்றுதான் பொருள்.

படத்தால் கவரப்படுவது இதழாளர்களுக்கு இயல்பு. ஆகவே 2002-ஆம் ஆண்டின் வளையங்களைப் பற்றியும் எழுதுகிறேன். காலியம் ஆர்சனைடில் இரண்டு மெல்லிய அடுக்குகளை அருகருகே அமைத்து, மின்புலத்தால் எலக்ட்ரானை ஓர் அடுக்கிலும் துளையை மற்றொன்றிலும் நிறுத்தினால் அவை எளிதில் சேர்ந்து மறைவதில்லை, வாழ்நாள் நீள்கிறது. லோசோவிக்கும் யுட்சனும் 1970-களில் முன்மொழிந்த இந்த ஏற்பாட்டில், பூட்டோவ் குழுவும் ஸ்னோக் குழுவும் லேசர் விழுந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் ஒளிவளையங்களைக் கண்டு, 2002-இல் ஒரே இதழில் தனித்தனியே வெளியிட்டன. பூட்டோவின் வளையம் மிகு குளிரில் சீரான இடைவெளியில் மணிமணியாக உடைந்து நின்றது. எவ்வளவு அழகிய படம் அது! செறிநிலையின் முகமே தெரிந்துவிட்டது என்று பலர் எழுதினர். 2004-இல் அதே இரண்டு குழுக்களும் வளையத்தின் காரணத்தை விளக்கின. லேசர், நடுப்பகுதியில் துளைகளை மிகுதியாக்குகிறது. வெளிப்பகுதியில் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்துள்ளன. துளைகள் வெளிநோக்கியும் எலக்ட்ரான்கள் உள்நோக்கியும் பரவி, இரண்டும் சந்திக்கும் எல்லையில் எக்சைட்டான்கள் உருவாகி ஒளிர்கின்றன. வளையத்துக்குச் செறிநிலை தேவையே இல்லை. மணிகள் பற்றிய ஆய்வு மட்டும் தொடர்ந்தது. 2012-இல் பூட்டோவ் குழு ஒளியின் குறுக்கீட்டு வரிகளைக் கொண்டு, வளையத்தை ஒட்டிய பகுதியில் ஓரியல்பு, அதாவது அலைகள் ஒழுங்கு மாறாமல் ஒன்றோடொன்று இசைந்திருப்பது, பல மைக்ரோமீட்டருக்கு நீள்வதைக் காட்டியது.

அந்தக் குறுக்கீட்டு வரிகளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படிகத்திலிருந்து ஒளியாக வெளியேறக்கூடியவை மிகச் சிறிய உந்தம் கொண்ட எக்சைட்டான்கள் மட்டுமே. வேகமாகத் திரிபவை நம் கண்ணுக்கு வருவதே இல்லை. அப்படிச் சல்லடையில் சலித்தெடுத்த ஒரு பகுதியை மட்டும் அளந்தால், முற்றிலும் சாதாரணமான வெப்ப வாயுகூட ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு ஓரியல்பு உடையதாகத் தோன்றும் என்று 2008-இல் மூக்லியாடிசும் இவானோவும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு கெல்வினில் அந்த எக்சைட்டான்களின் உண்மையான வெப்ப அலைநீளம் அதில் ஆறில் ஒரு பங்கை ஒட்டியது. வில்லையின் பிரிதிறனும் தன் பங்குக்கு அளவைப் பெருக்கிக் காட்டும். ஆகவே ‘ஓரியல்பு காணப்பட்டது’ என்ற சொற்றொடர் தனித்து நின்றால் அதற்கு மதிப்பு இல்லை. எத்தனை மைக்ரோமீட்டர், கருவியின் எல்லை எத்தனை மைக்ரோமீட்டர் என்ற இரண்டு எண்களும் அருகருகே அச்சாக வேண்டும்.

இதைவிட ஆழமான சிக்கலை 2007-இல் மோனிக் கோம்பெஸ்கோவும் அவர் கூட்டாளிகளும் எழுப்பினர். குவாண்டம் கிணறுகள் எனப்படும் அத்தகைய மெல்லிய அடுக்குகளில் எக்சைட்டானின் மொத்தத் தற்சுழற்சி (spin) ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஃபோட்டான் ஒரு அலகையே சுமக்கும் என்பதால் இரண்டு அலகு கொண்டவை ஒளியை உமிழ முடியாது. அந்த இருண்ட எக்சைட்டான்களே ஆற்றலில் தாழ்ந்தவை. செறிநிலை என்பது மிகத் தாழ்ந்த நிலையில் குவிவதாகையால் அது இருண்டவற்றில்தான் முதலில் உருவாகும். அதாவது, ஒளிர்வு பெருகுவதைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒளிர்வு குறைவதைத் தேடியிருக்க வேண்டும். டுபினின் குழு பின்னர் அவ்வழியில் சென்று சான்றுகளை வெளியிட்டது. ஆனால் ஒளி குறைவதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்க முடியும் என்பதால் அந்த வழக்கில் மெய்ப்பிக்கும் சுமை இன்னும் கூடுகிறது.

பொலாரிட்டான்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரு கண்ணாடிகளுக்கு இடையே ஒளியும் எக்சைட்டானும் கலந்து உருவாகும் அத்துகள்களின் செறிநிலையை 2006-இல் காஸ்பிரசாக்கும் சக ஆய்வாளர்களும் காட்மியம் டெல்லுரைடில் 19 கெல்வினில் காட்டினர். அவற்றின் வாழ்நாள் பல சோதனைகளில் சில பிக்கோவிநாடிகளே என்பதால், அதை வெப்பச் சமநிலைச் செறிநிலை என்பதா லேசருக்கு நெருங்கிய ஒன்று என்பதா என்னும் விவாதம் பல ஆண்டுகள் நடந்தது. அந்த முடிவை எக்சைட்டான் செறிநிலை என்ற தலைப்பில் போடுவது பிழை; அது உறவுடையது, ஆனால் வேறு.

ஒளியை அறவே தவிர்த்த சோதனைகளே என்னை அதிகம் நம்பவைத்தவை. வலிய காந்தப்புலத்தில் வைத்த இரட்டை எலக்ட்ரான் அடுக்குகளில், 2000-இல் ஸ்பீல்மனும் ஐசன்ஸ்டீனும் அவர்தம் குழுவினரும் அடுக்குகளுக்கிடையே பாயும் மின்னோட்டத்தில் மிகக் கூரிய முகடொன்றைக் கண்டனர். 2004-இல் இரு வேறு குழுக்கள் இரண்டு அடுக்குகளிலும் எதிரெதிர்த் திசையில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது, காந்தப்புலத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே தோன்றும் ஹால் மின்னழுத்தம் மறைந்தது. மின்னூட்டமற்ற இணைகள் பாய்கின்றன என்று கொண்டால் அப்படித்தான் நடக்க வேண்டும். வெவ்வேறு ஆய்வகங்கள், வெவ்வேறு அளவீடுகள், ஒரே முடிவு. ஆனால் அங்கு ஒரு கெல்வினுக்கும் கீழான குளிர் வேண்டும். அங்கே ஓர் அடுக்கின் எலக்ட்ரானோடு இணைவது மற்ற அடுக்கில் நிரம்பாதிருக்கும் வெற்றிடம்; அது ஒளியால் பிறந்த துளை அன்று. 2019-இல், ஒளியைத் தவிர்க்காமல் மின்னால் தூண்டிய ஒளிர்வையும் அளந்து, மாலிப்டினம் டைசெலினைடு, டங்ஸ்டன் டைசெலினைடு ஆகியவற்றின் மிக மெல்லிய ஒற்றை அடுக்குகளில் சுமார் 100 கெல்வின் வரை செறிநிலைக்கான சான்று கிடைத்ததாகக் கார்னெல் பல்கலைக்கழகக் குழு எழுதியது. ஆய்வாளர்கள் ‘சான்று’ என்றே எழுதினர்.

அறை வெப்பத்தைப் பற்றி எழுதும்போது நீங்கள் இரு மடங்கு கவனம் கொள்ள வேண்டும். டாண்டலம் நிக்கல் செலினைடு என்ற படிகம் சுமார் 326 கெல்வினில், அதாவது ஏறத்தாழ 53 டிகிரி செல்சியசில், நிலைமாறுகிறது. எக்சைட்டான்கள் தாமாகவே செறிந்து மின்கடத்தாப் பொருளை உருவாக்கும் என்று 1960-களில் கெல்டிஷ், கோபயேவ், கோன் முதலியோர் கணித்த நிலை இதுவே என்று ஒரு சாரார் வாதிட்டனர். ஆனால் அதே வெப்பநிலையில் படிகத்தின் அணு அமைப்பும் சாய்ந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் அணுக்களை இழுத்தனவா, அணுக்கள் சாய்ந்ததால் எலக்ட்ரான்கள் மாறினவா? 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமைப்பு மாற்றமே முதன்மைக் காரணம் என்றது. சுமார் 200 கெல்வினில் மாறும் டைட்டானியம் டைசெலினைடிலும் இதே வழக்குதான். 2017-இல் எலக்ட்ரான் சிதறலைக் கொண்டு எக்சைட்டான் செறிநிலையின் அறிகுறியை ஒரு குழு காட்டியபோதும், படிக அதிர்வுகளின் பங்கு பற்றிய வாதம் ஓயவில்லை. இத்தகைய படிகத்தில் செறிநிலை அலையின் ஏற்ற இறக்க நிலையும் (phase) அணு அமைப்போடு பூட்டப்பட்டுவிடுவதால், தடையற்ற பாய்வை அதில் எதிர்பார்ப்பதற்கும் கோட்பாடு எளிதில் இடம் தருவதில்லை. ஆகவே இதிலிருந்து இழப்பில்லா மின்கம்பி வரப்போகிறது என்று எழுதுவது ஆதாரமற்றது.

இதை ஏன் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டுக்குப் பிறகு அறிவியலைத் தமிழில் படிப்பதில்லை. ஐந்தாம் படிவ இயற்பியலில் குவாண்டம் இயற்பியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் மாணவிக்கு, அத்துறையில் இன்று நடப்பதைத் தமிழில் சொல்லும் இடம் உங்கள் பக்கம்தான். அவளுக்கு முடிவுகளை மட்டும் கொடுத்தால், அந்த முடிவு பின்னர் திருத்தப்படும்போது அறிவியலே பொய் சொன்னதாக அவள் எண்ணக்கூடும். விவாதத்தையும் சேர்த்துக் கொடுத்தால், திருத்தம் எங்கிருந்து வந்தது என்று அவளே தேடிப் படிப்பாள்.

நான் கேட்பது அதிகமில்லை. இத்தகைய செய்தியை வெளியிடும்போது எது அளக்கப்பட்டது என்பதை ஒரு வரியிலும், செறிநிலை இல்லாமலே அந்த அளவீடு வருவதற்கு யார் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை இன்னொரு வரியிலும் தாருங்கள். ஆய்வாளர்கள் ‘சான்று’ என்று எழுதியிருந்தால் நீங்களும் அதையே எழுதுங்கள். தலைப்பில் ‘உறுதி’ வேண்டாம். இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இயற்பியல் கற்பிப்போர் இருக்கிறார்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களுள் ஒருவரிடம் கட்டுரையைக் காட்ட ஒருநாள் ஒதுக்குங்கள். முன்பு வெளியிட்ட ஒரு முடிவு மறுக்கப்பட்டால், அதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். தொடக்கமாக, 2002-இன் வளையங்களையும் 2004-இன் விளக்கத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்து மாணவர்களுக்கு ஒரு கட்டுரை வெளியிட முன்வருவீர்களாயின், அதன் வரைவை எழுதித் தரவும், இயற்பியலாளர் ஒருவர் திருத்திய பிறகு மீண்டும் எழுதித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தொடர்ந்து வாசிக்கும்
பழுதாய்வுப் பொறியாளர் ஒருவர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு.